ஈரா-5: ஓசியில் கிடைக்கும் பழைய கடல்

ஈரா-5 என்பது பழைய காற்றையும் அலையையும் கணினியில் மறுபடி கட்டி எழுப்பிய தரவு. முதலில் அதன் விலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பைசா கிடையாது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இதே சரக்கை நான் ஒருமுறை 80,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

நான் சிவில் இன்ஜினீயர். ஊர் குளச்சலுக்குப் பக்கம். தூண்டில் வளைவு, கடலரிப்புத் தடுப்புச் சுவர், சின்ன மீன் இறங்குதளம் என்று இந்த மாதிரி வேலைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. தூண்டில் வளைவு தெரியாதவர்களுக்கு: கரையிலிருந்து கடலுக்குள் தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கல் கொட்டிக் கட்டுவது. எந்த இடத்தில் எத்தனை டன் கல் என்று முடிவு செய்ய, அங்கே அலை எவ்வளவு உயரம் வரும், எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிய வேண்டும். இதில் கணக்கு மோசமானது. கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடியில் ஏறும். உயரத்தை 10 சதவீதம் குறைத்துப் போட்டால், போட வேண்டிய கல் 37 சதவீதம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். அது தெரியவரும்போது கல் எல்லாம் கடலுக்குள் உருண்டிருக்கும்.

ஆகவே பழைய கடல் வேண்டும். குறைந்தது 30 வருடக் கடல். நம் கரையில் 30 வருடம் விடாமல் அளந்த மிதவை எங்கே இருக்கிறது? சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் நிறுவனத்திடம் கேட்டேன். பெயர் வேண்டாம். லோகோ போட்ட அழகான கோப்பு ஒன்று வந்தது. திறந்து பார்த்த என் அண்ணன் மகள் (பைத்தான் எழுதத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவள்தான்) சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "அத்தை, கோப்போட தலைப்பைக்கூட மாத்தல. இது சும்மா கிடைக்கிற ஈரா-5." சட்டப்படி அதில் தப்பில்லை, எடுத்து விற்கலாம், மூலத்தின் பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பெயரைத்தான் அவர்கள் சொல்லவில்லை. சரி, போனது போகட்டும். அன்றிலிருந்து நேராக மூலக்கடையிலேயே வாங்குகிறேன். இந்த மதிப்புரை அந்தக் கடையைப் பற்றி.

கடையின் பெயர் கோப்பர்னிகஸ் காலநிலைத் தரவுக் கிடங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் காசு. சரக்கைத் தயாரிப்பது ஈசிஎம்டபிள்யூஎஃப், அதாவது நடுத்தர கால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம். தலைமையிடம் இங்கிலாந்தில் ரெடிங். கணினிகள் இத்தாலியின் பொலோன்யாவில், பழைய புகையிலை ஆலை வளாகம் ஒன்றில் இருக்கின்றன. பீடி சுற்றிய இடத்தில் புயலைச் சுற்றுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன், அவருக்கு அது பிடித்துவிட்டது.

ஈரா-5 என்பது என்ன? அளந்து எழுதிய பதிவேடு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லை. 2016-இல் அவர்கள் தினமும் முன்னறிவிப்புக்குப் பயன்படுத்திய கணினி மாதிரியை அப்படியே உறைய வைத்து, 1940-இலிருந்து இன்றுவரை கிடைத்த அளவீடுகளை எல்லாம் அதன் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். கப்பல் குறிப்பு, பலூன், மிதவை, விமானம், செயற்கைக்கோள் எல்லாம் சாட்சிகள். நீதிபதி மட்டும் எல்லா வருடத்துக்கும் ஒரே ஆள். சாட்சி சொன்னதும் இயற்பியல் சொல்வதும் எந்த இடத்தில் அதிகம் ஒத்துப்போகிறதோ அதைத் தீர்ப்பாக எழுதிவைப்பார். சாட்சியே இல்லாத கடல் பரப்புக்கும் தீர்ப்பு உண்டு என்பதுதான் இதன் பலம். பலவீனமும் அதுதான்.

காற்று, அழுத்தம், மழை எல்லாம் சுமார் 31 கிலோமீட்டர் கட்டத்தில், மணிக்கு ஒன்று. அலை கொஞ்சம் பெரிய கட்டம், இறக்கும்போது அரை டிகிரிக்கு ஒரு புள்ளி, அதாவது சுமார் 55 கிலோமீட்டர். 1940 முதல் 2024 வரை ஒரு புள்ளிக்கு மட்டும் கிட்டத்தட்ட 7 லட்சத்து 45 ஆயிரம் மணிநேரம். நேற்று வரை கிடைக்காது, ஐந்து நாள் பிந்தி வரும். அதிலும் சமீபத்திய இரண்டு மூன்று மாதம் தற்காலிகச் சரக்கு, பிறகுதான் முத்திரை குத்துவார்கள்.

வாங்கும் முறை சுலபம் என்று சொல்ல மாட்டேன். கணக்கு திறந்து, உரிம நிபந்தனைகளை ஒருமுறை ஏற்று, வேண்டியதை டிக் அடித்துக் கோரிக்கை போட வேண்டும். ஓட்டலில் டோக்கன் வாங்கின மாதிரி வரிசையில் நிற்க வேண்டும். அடிக்கடி கேட்கப்படுவது வட்டில் இருக்கும், சீக்கிரம் வரும். அபூர்வமாகக் கேட்பது நாடாவில் இருக்கும், எடுத்துவர நேரமாகும். வந்து சேருவது கிரிப் அல்லது நெட்சிடிஎஃப் கோப்பு. எக்ஸெலில் இரட்டைச் சொடுக்குப் போட்டுப் பயனில்லை. 2024 செப்டம்பரில் கிடங்கைப் புதிதாக மாற்றிக் கட்டினார்கள், நிரல் வழியாக இறக்கத் தந்திருந்த பழைய சாவி செல்லாது. இணையத்தில் கிடக்கும் பழைய செய்முறைக் குறிப்பைப் பார்த்துச் செய்கிறவர்கள் அந்த இடத்தில் முட்டிக்கொள்வார்கள்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். நேரம் எல்லாம் கிரீன்விச் நேரம். கோப்பில் 0 மணி என்றால் நமக்குக் காலை ஐந்தரை. அதை மறந்து ஒரு முழு அறிக்கை எழுதினேன். கடற்காற்று நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்புவரை அடிப்பதற்குப் பதில் பொழுது சாயும்போதே அடங்குவதாக என் படம் காட்டியது. அதைப் பார்த்தவர்கள் எல்லாம் படித்தவர்கள், யாரும் கேட்கவில்லை. அப்பாதான் கேட்டார். "நம்ம ஊர்ல காத்து வெளக்கு வைக்கிற நேரத்துக்கா மக்களே விழும்?" இன்னொன்று திசை. காற்று இரண்டு கூறுகளாக, எந்தப் பக்கம் போகிறது என்று வரும். அலையோ எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வரும். இரண்டையும் ஒரே படத்தில் அப்படியே வரைந்தால் கச்சான் காற்றும் அதன் அலையும் எதிரும் புதிருமாக நிற்கும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டுமரம், வள்ளம் என்று 40 வருடம் கடலுக்குப் போனவர். என் தரச்சோதனை அதிகாரி அவர்தான். படம் வரைந்தால் முதலில் அவரிடம் காட்டுவேன். மாதவாரியாகச் சராசரி அலை உயரத்தைப் போட்டுக் காட்டியபோது ஜூன், ஜூலையில் மேடு எழும்பி நிற்பதைப் பார்த்து, "ஆனி ஆடின்னு எழுது, எல்லாருக்கும் புரியும்" என்றார். நம் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலமும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான். தடை மீன் இனப்பெருக்கத்துக்காக என்று சொல்வார்கள். அந்த மேட்டைப் பார்த்தால், தடை இல்லாவிட்டாலும் பாதி நாள் சும்மாதான் இருக்கவேண்டும்.

அப்புறம் கள்ளக்கடல் சோதனை. 2005 மே மாதம் கேரளக் கரையிலும் நம் பக்கமும் கடல் ஏறியது. மழை இல்லை, பெருங்காற்று இல்லை, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் காயப்போட்டிருந்த நெத்திலி முழுக்கப் போயிற்று. அந்த மாதத்தை இறக்கிப் பார்த்தேன்.

குளச்சலுக்கு நேரான அலைப் புள்ளி கிடையாது. 8 டிகிரி வடக்கு, 77 டிகிரி கிழக்கில் ஒன்று. 8 வடக்கு, 77.5 கிழக்கில் இன்னொன்று, அது கன்னியாகுமரி முனைக்குத் தெற்கே. குளச்சல் இரண்டுக்கும் ஏறக்குறைய சரிசமம், சுமார் 34 கிலோமீட்டர். கம்ப்யூட்டரை 'அருகில் உள்ளது எது' என்று கேட்டால் மயிரிழையில் ஏதோ ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிடும். நான் மேற்குப் புள்ளியைக் கையால் எடுத்தேன், எங்கள் அலை தென்மேற்கிலிருந்து வருவதால்.

உயரக் கோட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்திருப்பேன். சாதாரண மே மாதக் கடல்தான், ஆனி ஆடியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அலைக்கால இடைவெளியைப் போட்டேன். ஒரு முகடுக்கும் அடுத்ததுக்கும் உள்ள நொடிகள். அங்கே இருந்தது. கோடு ஒரே நாளில் செங்குத்தாக ஏறி, பிறகு நாளாக ஆக மெல்ல இறங்கியது. உயரம் அதற்குப் பிறகுதான் நிதானமாகக் கூடியது. காரணம் எளிது. நீண்ட இடைவெளி அலை வேகமாக ஓடும். 18 நொடி அலைக் கூட்டம் ஆழ்கடலில் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் போகும், 12 நொடி அலை 800 தான் போகும். தென் இந்தியப் பெருங்கடலில் 40 டிகிரி பக்கம் ஒரு புயல் எழுப்பிய அலை நம் கரைக்கு வர 5,300 கிலோமீட்டர். முதலாவது நாலரை நாளில் வரும், இரண்டாவது ஆறரை நாளில். அதாவது நீளமானது முன்னால் வந்து கதவைத் தட்டும். அதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அந்தத் தேதியில் தெற்கே அழுத்தப் படத்தைத் திறந்தேன். சுழி அங்கே உட்கார்ந்திருந்தது. எங்கள் நெத்திலியை எடுத்துப்போன ஆள் 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்திருக்கிறான்.

படத்தைப் பார்த்து அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அது கள்ளக்கடல் இல்ல, விருந்தாளிக்கடல்" என்றார்.

இந்த ஒரு வேலைக்கே ஈரா-5-க்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். பெருங்கடல் அளவில் நடப்பதை இது விடுவதில்லை.

இனி குறைகள். ஓகி. 2017 நவம்பர் 29 இரவும் 30 காலையும் இந்த மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுக்கு என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் புயல் உச்சத்தில் மணிக்கு 150 முதல் 160 கிலோமீட்டர் என்பது இந்திய வானிலைத் துறையின் மதிப்பீடு. ஈரா-5-இல் புயல் இருக்கிறது, பாதையும் ஏறக்குறைய இருக்கிறது, ஆனால் காற்று அந்த வேகத்துக்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது. இது ஓகிக்கு மட்டும் நேர்ந்ததல்ல, வெப்பமண்டலப் புயல் எல்லாவற்றிலும் இதன் வழக்கமான குறை. புயலின் கண்ணைச் சுற்றி உக்கிரமாக அடிக்கும் வளையம் சில பத்து கிலோமீட்டர் அகலம்தான். 31 கிலோமீட்டர் கட்டத்தில் அது கரைந்துவிடும். காற்று குறைந்தால் அலையும் குறையும். மும்மடிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். புயல் கரைக்கு வடிவமைக்கும்போது ஈரா-5 உச்ச அலையை அப்படியே எடுத்துக் கல் எடை போடுகிறவர் யாராவது இருந்தால், அவர் கட்டிய சுவருக்குப் பின்னால் வீடு கட்டாதீர்கள். புயலுக்குத் தனியாக, பாதையையும் அழுத்தத்தையும் வைத்துக் காற்றைப் புதிதாக உருவாக்கி ஓட்டவேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொரு பொறி 1940. புதிதாக வருபவர்கள் 85 வருடத்தையும் ஒரே கோடாகப் போட்டு, 'கடல் கூடிக்கொண்டே வருகிறது' என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நீதிபதி ஒருவர்தான், சாட்சிகள் அப்படி இல்லையே. 1979-இல் ஒரு நாளைக்கு உள்ளே போன அளவீடுகள் சுமார் 7.5 லட்சம், 2018-இல் சுமார் 2.4 கோடி. 1979-க்கு முந்தைய இந்தியப் பெருங்கடலில், அதுவும் உலகப்போர்க் காலத்தில், எத்தனை கப்பல் நின்று காற்றைக் குறித்திருக்கும்? செயற்கைக்கோள் அளந்த அலை உயரம் இதற்குள் சாட்சியாக வரத் தொடங்கியது 1991-இல்தான். கோடு ஏறினால், ஏறியது கடலா சாட்சிகளின் எண்ணிக்கையா என்று முதலில் பிரிக்கவேண்டும். ஓர் அதிகாரியிடம் இதை அரை மணிநேரம் விளக்கினேன். கடைசியில் "சரி மேடம், அந்த ஏறுகிற படத்தையே போட்டுடுங்க, நிதி கேட்க வசதி" என்றார். போடவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய குறையை அப்பா தான் முதல் நாளே பிடித்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார். "இதுல நம்ம கரை எங்க இருக்கு மக்களே?"

இல்லை. கரை இதில் இல்லை. 34 கிலோமீட்டர் வெளியே, ஆழத்தில் ஒரு புள்ளிதான் இருக்கிறது. அலை அங்கிருந்து கிளம்பி அடித்தரையைத் தொட்டு, வளைந்து, பாறையில் சிதறி, ஏற்கெனவே கட்டிய தூண்டில் வளைவுகளுக்குள் புகுந்து, மண்ணை ஓரிடத்தில் அள்ளி இன்னோரிடத்தில் போடுகிறது. எங்கள் ஊரில் ஒரு வளைவுக்குத் தெற்கே மணல் சேர, வடக்கே பத்து வீடு போனது. அந்த இரண்டு பக்கமும் ஈரா-5-க்கு ஒரே புள்ளி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் இதன் கண்ணில் தனித்தனியாகப் படாது. இந்தக் கடைசித் தூரத்துக்கு நாம் தனியாகச் சமைக்கவேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஸ்வான் என்ற மாதிரி இதற்கு இருக்கிறது, அதுவும் இலவசம். ஈரா-5 அலையை வெளி எல்லையில் கொடுத்தால் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அதற்குக் கடலடி ஆழம் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் உலக ஆழப்படங்கள் 450 மீட்டர் கட்டம், கரைக்குப் பக்கத்தில் அது வெறும் ஊகம். நான் ஒரு வள்ளத்தை வாடகைக்கு எடுத்து, ஆழமானியைக் கட்டிக்கொண்டு போய் அளக்கிறேன். அங்கேதான் என் காசு போகிறது. முன்பு தரவுக்குக் கொடுத்ததை இப்போது டீசலுக்குக் கொடுக்கிறேன்.

நாளைக் கடல் வேண்டுமென்றால் இது கடையே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஐதராபாத்தில் இன்கோயிஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம் இருக்கிறது, கள்ளக்கடல் எச்சரிக்கையும் அவர்கள்தான் கொடுக்கிறார்கள். 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நாட்களில்தான் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். எச்சரிக்கை கணினியிலிருந்து புறப்பட்டு மணலில் நிற்கிறவன் காதுக்கு வரும் தூரத்தை அளக்க ஒரு மாதிரியும் கிடையாது.

எதிர்காலம்? அதே கிடங்கில் அடுத்த தட்டில் வைத்திருக்கிறார்கள். உலகக் காலநிலை மாதிரிகள் 2100 வரை ஓட்டியவை. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். பல மாதிரிகளில் கட்டம் 100 கிலோமீட்டர், கன்னியாகுமரி முனையே மழுங்கிப்போயிருக்கும். அலை பெரும்பாலும் அதில் கிடையாது, காற்றை எடுத்து நாமே தனியாக அலை மாதிரி ஓட்டிக்கொள்ளவேண்டும். என் அளவு வேலைக்கு அது கட்டாது. நான் எடுத்துக்கொள்வது கடல்மட்டம் ஒன்றைத்தான். 2021-இல் ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அறிவியல் குழு) சொன்ன உலகச் சராசரி: 1995–2014 மட்டத்தை வைத்துப் பார்த்தால் 2100-க்குள், உமிழ்வை வெகுவாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், கட்டுக்கடங்காமல் போனால் 63 சென்டிமீட்டரிலிருந்து 1.01 மீட்டர். தூண்டில் வளைவின் உச்சி மட்டத்தில் இதில் ஒரு பங்கைக் கூட்டிவிடுகிறேன். எந்தப் பங்கு என்பதில் ஒப்பந்தக்காரருக்கும் எனக்கும் ஒவ்வொரு முறையும் சண்டை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஈரா-6 தயாராகிக்கொண்டிருக்கிறது, அதில் கட்டம் பாதிக்கும் கீழே சிறுக்கும் என்கிறார்கள். வந்தபின் புயலை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு அந்த ஒரு நட்சத்திரத்தைப் பற்றி யோசிப்போம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கோரிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. வேலைக்கானது அல்ல. 1974 ஜனவரி, அப்பா அம்மா கல்யாணம். பெண் வீட்டார் பக்கத்து ஊரிலிருந்து வள்ளத்தில் வந்தார்கள். கடல் தட்டுமாதிரிக் கிடந்தது என்கிறார் அப்பா. பாட்டியின் பட்டுச்சேலை இடுப்புவரை நனைந்தது, அப்படி அடித்தது என்கிறார் அம்மா. 50 வருட வழக்கு. 1979-க்கு முந்தையது, சாட்சி குறைவு, 34 கிலோமீட்டர் வெளியே உள்ள புள்ளி பாட்டியின் சேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை. கோரிக்கை இன்னும் வரிசையில் நிற்கிறது. அப்பா இரண்டு முறை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.